வலைச் சட்டகமும் தமிழ் வாசகமும்



தலைநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு நெடுநாளைய பழக்கம் ஒன்று உண்டு. நாங்கள் தமிழாக்கிய வாசகம் அச்சாகி வந்தவுடன் அதை ஒருமுறை படித்துப் பார்ப்போம். பிழை இருந்தால் வருந்துவோம். இல்லாவிட்டால் அடுத்த கோப்பை எடுப்போம். காகிதத்தில் அச்சிட்டவரையில் இது எளிய காரியம். அச்சில் ஏறிய சொல் அங்கேயே இருக்கும். யார் எடுத்துப் பார்த்தாலும் கண்ணில் படும். இப்பொழுதோ எங்கள் வாசகங்களிற் பெரும்பகுதி வலைத்தளங்களுக்குப் போகிறது. அங்கே ஒரு வாசகம் முழுமையாக எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, உரிய இடத்தில் வைக்கப்பட்ட பின்னரும், படிப்பவர் கண்ணுக்குத் தோன்றாமலே இருக்கலாம். அவ்வாறு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்ட சில செய்திகளையும் இன்று சொல்ல விரும்புகிறோம். தமிழ்நாட்டை விட்டு வெளியே வாழும் நம்மவர்க்கு இச்செய்திகள் பயன்படக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு கோப்பு வந்தது. பொதுமக்கள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்வதற்காக அவ்வலுவலகம் ஒரு வலைத்தளம் அமைத்திருந்தது. அதில் உள்ள தலைப்புகள், கட்டங்களின் பெயர்கள், எச்சரிக்கைகள், விண்ணப்பத்தின் நிலையைத் தெரிவிக்கும் வாசகங்கள் ஆகியவை எல்லாம் சேர்ந்து 600-க்கு மேல் இருந்தன. மூவர் அமர்ந்து இரண்டு மாதங்களில் முடித்துக் கொடுத்தோம். எங்கள் அறையைத் துப்புரவு செய்யும் சகோதரி விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து டில்லியில் குடியேறியவர். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலமும் இந்தியும் பேச்சளவில்தான். அவருடைய மகளுக்கு அந்த உதவித்தொகை கிடைக்க இடமுண்டு. ஆகவே, "தமிழிலேயே இருக்கிறது, நீங்களே நிரப்பலாம்" என்று பெருமையோடு அவரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

தளம் திறந்த மறுநாள் அவர் தம் கைப்பேசியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அண்ணா, தமிழ்ல இருக்குதுன்னு சொன்னீங்களே, ஒரு எழுத்துகூட இல்லையே?" என்றார். பார்த்தோம். உண்மையிலேயே ஓர் எழுத்துக்கூட இல்லை. எங்கள் கணினியில் திறந்தோம், அங்கும் ஆங்கிலமே. அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தால், மொழிபெயர்ப்பிற் கோளாறு இருக்கலாம் என்று பதில் வந்தது. 600 வாசகங்களில் ஒன்றுகூடத் தோன்றாதபடி ஒருவர் எவ்வாறு பிழைபட மொழிபெயர்க்க முடியும் என்று அவரைக் கேட்கவில்லை. நேரே புறப்பட்டுப் போனோம்.

அங்கிருந்த இளைஞர், தளத்தைப் பராமரிக்கும் தொழில்நுட்பர், பொறுமையுள்ளவர். கலைப் பட்டதாரிகளாகிய எங்களுக்கு விளங்கும்படி அவர் சொன்னதை நாங்களும் அப்படியே சொல்ல முயல்கிறோம்.

நாம் கைப்பேசியிலோ கணினியிலோ காணும் பக்கம் அங்கேயே பிறப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் சர்வர் என்னும் கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் ஒரு முகவரியைத் தட்டியவுடன் நம் கோரிக்கை அங்கே போய்ச் சேருகிறது. அங்குள்ள ஒரு செயலி அக்கோரிக்கையைப் படித்து, வேண்டிய தகவலைச் சேமிப்பிலிருந்து எடுத்து, பக்கமாகத் தொகுத்து நமக்கு அனுப்புகிறது. இத்தகைய செயலிகளை ஒவ்வொரு முறையும் அடிமுதல் நுனிவரை புதிதாக எழுதுவது வீண் உழைப்பு. எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதித் தொகுத்து வைத்த கருவித் தொகுதிகள் இருக்கின்றன. இவற்றை 'வெப் ஃபிரேம்வொர்க்' என்பார்கள். வலைச் சட்டகம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அலுவலகம் எடுத்துக்கொண்ட சட்டகத்தின் பெயர் ஜாங்கோ. அது பிறந்த இடம் ஒரு பத்திரிகை அலுவலகம் என்று கேட்டபோது எங்களுக்கு ஓர் உறவு ஏற்பட்டாற்போல் இருந்தது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்னும் நாளிதழின் வலைப் பிரிவில், ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் 2003-ஆம் ஆண்டில் இதை எழுதத் தொடங்கினர். செய்தி அலுவலகத்தில் எதையும் அன்றைக்கே முடித்தாக வேண்டும். அந்த அவசரமே இந்தச் சட்டகத்தை உருவாக்கியது. 2005-ஆம் ஆண்டு ஜூலையில் அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற புகழ்பெற்ற கிதார்க் கலைஞரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பைதான் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது அது.

ஜாங்கோவில் ஒரு செயலி தொடங்கும்போது முதலில் படிக்கப்படுவது அமைப்புக் கோப்பு. இது சர்வரில் இருக்கும் சிறிய கோப்பு. சில பத்து வரிகளே இருக்கும். தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்திருக்கின்றன, எந்த மொழி, எந்த நேரம் என்பன போன்ற முடிவுகளெல்லாம் அதில் எழுதப்படும். எழுதாமல் விட்டால் சட்டகம் தானாகவே ஒன்றை வைத்துக்கொள்ளும். இந்தத் 'தானாகவே' என்பதில்தான் பல செய்திகள் அடங்கியிருக்கின்றன. நேரம் எது என்று சொல்லாவிட்டால் ஜாங்கோ சிகாகோ நகரத்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதைப் பெற்ற லாரன்ஸ் நகரம் அந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது. பிறந்த வீட்டுக் கடிகாரத்தை அது இன்னும் மறக்கவில்லை. புதிதாக ஒரு செயலியைத் தொடங்கும்போது கிடைக்கும் மாதிரிக் கோப்பில் மட்டும் உலகப் பொதுநேரம் குறிக்கப்பட்டிருக்கும். அதையும் மாற்றாமல் விட்டால், நம் நாட்டில் 11-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் ரசீதில் 10-ஆம் தேதி இரவு 8:30 என்று விழலாம். இந்தியா முழுமைக்குமான நேரத்துக்கு அக்கோப்பில் எழுத வேண்டிய பெயர் 'ஆசியா/கொல்கத்தா'. கொல்கத்தாவில் இருக்கும் நம் நேயர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

மொழிக்கு வருவோம். ஜாங்கோ தமிழ் அறியாதது அன்று. அதன் மொழிப் பட்டியலில் தமிழுக்கு இடமுண்டு. 'டி-ஏ' என்ற ஈரெழுத்துக் குறியால் தமிழ் அங்கே வழங்கும். பன்மொழி வசதியை இயக்குவதற்கென்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. அதன் பெயரில் 'ஐ-18-என்' என்று வரும். ஆங்கிலத்தில் பன்னாட்டுமயமாக்கல் என்னும் பொருளுடைய நெடுஞ்சொல்லின் முதலெழுத்தான ஐ-க்கும் கடைசி எழுத்தான என்-னுக்கும் இடையே 18 எழுத்துகள் இருக்கின்றன; அவற்றை எழுதச் சலித்துப்போய் எண்ணாகச் சுருக்கிவிட்டார்கள். அந்த வரி இயல்பாகவே 'ஆம்' என்ற நிலையில் இருக்கும். அந்த அலுவலகத்துக் கோப்பிலும் 'ஆம்' என்றே இருந்தது. எங்கள் தமிழ்க் கோப்பும் உரிய அடைவில் இருந்தது. அப்படியானால் தமிழ் ஏன் தோன்றவில்லை?

இதை விளக்க அந்த இளைஞர் எங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு காட்சியை எடுத்துக்கொண்டார். ஓர் அலுவலகத்துக்கு வரும் தபால் நேரே அதிகாரியிடம் போவதில்லை அல்லவா? பதிவு மேசை, பிரிவு மேசை, சரிபார்க்கும் மேசை என்று ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போகிறது. முடிவானபின் அதே மேசைகள் வழியாகத் தலைகீழ் வரிசையில் இறங்கி வருகிறது. ஜாங்கோவிலும் நம் கோரிக்கை இப்படித்தான் போய் வருகிறது. அந்த மேசைகளுக்கு 'மிடில்வேர்' என்று பெயர். இந்தப் பேச்சின் அளவில் இடைமேசை என்று வைத்துக்கொள்வோம். புதிய செயலியின் அமைப்புக் கோப்பில் ஏழு இடைமேசைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது, வந்தவர் முன்பே வந்தவரா என்று நினைவில் வைக்கும் மேசை, மூன்றாவது, முகவரியைச் சீர்செய்யும் பொது மேசை, பிறகு மற்றவை. வந்தவர் எந்த மொழியில் படிக்க விரும்புகிறார் என்று கேட்கும் மேசை அந்த ஏழில் இல்லை.

அதுதான் செய்தி. மொழி கேட்கும் மேசை சட்டகத்தில் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் வேண்டுமென்று யாராவது ஒரு வரி எழுதினால்தான் அது வந்து அமரும். எழுதாவிட்டால் எல்லோருக்கும் பொதுமொழியே, அதாவது கோப்பில் முதன்மை மொழியென்று குறித்த மொழியே, கிடைக்கும். அந்த அலுவலகத்தில் அது ஆங்கிலம். செயலியை எழுதியவர் ஒருவர். அவர் பன்மொழி வேலை பின்னால் வரும் என்று விட்டிருந்தார். பராமரிக்க வந்தவர் வேறொருவர். அவர் முன்னவர் செய்திருப்பார் என்று எண்ணியிருந்தார். மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள், கோப்பை ஒப்படைத்த அன்றே எங்கள் பொறுப்பு தீர்ந்ததென்று கருதியிருந்தோம். மூவர் மேலும் குற்றமில்லை போலத் தோன்றும். ஆனால் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அந்தச் சகோதரி.

அந்த ஒரு வரியை எந்த இடத்தில் எழுதுவது என்பதும் முக்கியம். நினைவு மேசைக்குப் பின்னும் பொது மேசைக்கு முன்னும், அதாவது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே அது வர வேண்டும். சில தளங்களில் முகவரியிலேயே மொழிக்குறி இருக்கும். அவ்வாறிருந்தால், பொது மேசை முகவரியைச் சரிபார்க்கும்போது மொழி இன்னதென்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அலுவலகத்திலே ஒப்பம் பெறும் வரிசை மாறினால் கோப்புத் திரும்பிவிடும் என்பதை அறிந்த எங்களுக்கு இது வியப்பாக இல்லை.

இளைஞர் எங்கள் கண்முன்னாலேயே அந்த வரியை எழுதினார். பக்கத்தைத் திறந்தோம். ஆங்கிலமே வந்தது. எங்களில் ஒருவர், "இதற்குத்தானா இவ்வளவு விளக்கம்?" என்று முணுமுணுத்தார். இளைஞர் சிரித்தார். அமைப்புக் கோப்பு செயலி தொடங்கும் நேரத்தில் ஒரு முறைதான் படிக்கப்படுகிறது. பொதுமக்கள் பயன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி, கோப்பை மாற்றியதை உடனே அறியாது. அதை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கும் இதே நிலைதான். ஒருமுறை நினைவில் ஏற்றிக்கொண்டபின் மறுதொடக்கம் வரையில் பழையதையே வைத்திருக்கும். பகலில் பலர் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இரவில்தான் மறுதொடக்கம் செய்ய முடியும் என்றார். காத்திருந்தோம். மறுநாள் காலை எங்கள் கணினியில் தமிழ் வந்தது. எங்கள் சொந்த வாசகங்களைப் பிறர் எழுதியவை போலப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றோம்.

இங்கே ஒரு சிறு விலகல். இயக்குதல் என்றாலே ஒன்றைக் கூட்டுதல் என்று நாம் எண்ணுகிறோம். எப்பொழுதும் அப்படியன்று. ஜாவா மொழியில் ஸ்பிரிங் என்னும் சட்டகம் இருக்கிறது. அதில் 2011-ஆம் ஆண்டு வந்த பதிப்பு முதல் 'எனேபிள் வெப் எம்.வி.சி.' என்ற குறிப்பு ஒன்று உண்டு. வலைப் பகுதியை இயக்கு என்பதே அதன் பொருள். பின்னர், எல்லா அமைப்புகளையும் தானே செய்துகொள்ளும்படி 'ஸ்பிரிங் பூட்' வந்தது. அதன் முதற் பதிப்பு 2014-இல் வெளியாயிற்று. பழைய பழக்கத்தால் ஸ்பிரிங் பூட்டிலும் ஒருவர் அந்தக் குறிப்பை எழுதினால் என்னவாகும்? 'இவர் வலைப் பகுதி முழுவதையும் தாமே கவனித்துக்கொள்கிறார்' என்று சட்டகம் எடுத்துக்கொண்டு, தான் செய்துவந்த ஏற்பாடுகளை விட்டு விலகிக்கொள்ளும். படங்களும் பக்கத்தின் அழகமைப்பும் உரிய அடைவில் இருந்தும் வாராமற் போகும். இரண்டொரு மாற்றம் மட்டும் வேண்டுவோர் அந்தக் குறிப்பை எழுதாமலேயே, அதற்கென உள்ள வேறு வழியில் அம்மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். 'எனேபிள்' என்ற சொல்லை ஒரு கோப்பில் 'இயலச்செய்' என்றும், மற்றொன்றில் 'செயற்படுத்து' என்றும், இன்னொன்றில் 'இயக்கு' என்றும் நாங்கள் எழுதியிருக்கிறோம். எச்சொல்லும் இந்தப் பொருளைத் தாங்கவில்லை. 'பொறுப்பை ஏற்றுக்கொள்' என்று எழுதியிருக்க வேண்டும் போலும்.

கதைக்குத் திரும்புவோம். எங்கள் கணினியில் தமிழ் வந்தது. சகோதரியின் கைப்பேசியில் வரவில்லை. இப்பொழுது குறை சர்வரில் இல்லை. மொழி கேட்கும் மேசை எவ்வாறு கேட்கிறது என்பதை நம் நேயர்கள் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது நல்லது. முகவரியில் மொழிக்குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், தளம் அவ்வாறு அமைந்திருந்தால். அடுத்து, முன்பு வந்தபோது மொழியைத் தேர்ந்து விட்டுச்சென்ற அடையாளத் துணுக்கு உலாவியில் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையானால், உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிற 'ஏற்கும் மொழிகள்' என்ற குறிப்பைப் படிக்கும். அதில் தமிழ் முதலாவது, இந்தி 0.8, ஆங்கிலம் 0.5 என்பதுபோல மொழிகளும் விருப்ப அளவுகளும் எழுதப்பட்டிருக்கும். 'இந்தியத் தமிழ்' என்று குறித்திருந்து, தளத்தில் வெறுமனே 'தமிழ்' மட்டும் இருந்தால், அதையே கொடுக்கும் அளவுக்கு மேசைக்கு அறிவுண்டு. எதுவும் பொருந்தாவிட்டால்தான் பொதுமொழி.

இந்தக் குறிப்பை நாம் கையால் எழுதுவதில்லை. கைப்பேசியின் மொழி என்ன, உலாவியின் மொழி வரிசை என்ன என்பதைப் பார்த்து உலாவியே எழுதுகிறது. கைப்பேசியை வாங்கிய நாளில் கடைக்காரர் ஆங்கிலத்தில் வைத்துக் கொடுத்திருப்பார். அல்லது அந்த ஊர் மொழியில் வைத்திருப்பார். நாமும் அப்படியே விட்டுவிடுவோம். வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் எத்தனை பேர் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருக்கிறோம்? சகோதரியின் கைப்பேசியில் ஆங்கிலம் ஒன்றே இருந்தது. தமிழை மேலே சேர்த்து, ஆங்கிலத்தை அடுத்து வைத்தோம். பக்கத்தைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஆனால் உடனே, "இது மட்டும் ஏன் இங்கிலீஷ்ல இருக்கு?" என்று விரலை வைத்தார்.

தலைப்புகள் தமிழில் இருந்தன. கட்டங்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் நின்றன. தந்தை பெயர், பிறந்த தேதி, பள்ளியின் பெயர் என்று நாங்கள் எழுதிய எதுவும் இல்லை. மறுபடியும் இளைஞரிடம் போனோம். காரணம் வேடிக்கையானது. செயலிக்குள் ஒரு வாசகத்தை மொழிபெயர்க்கச் சொல்லும் ஆணை இருவகைப்படும். ஒன்று, அந்த வரியைப் படித்தவுடனே மொழிபெயர்த்துவிடும். மற்றொன்று, யாராவது பக்கத்தைக் கேட்கும் வரையில் சும்மா இருந்து, அவர் மொழி தெரிந்தபின் மொழிபெயர்க்கும். பின்னதற்குச் 'சோம்பேறி' என்றே ஆங்கிலத்தில் பெயர். கட்டங்களின் பெயர்கள், செயலி தொடங்கும்போதே படிக்கப்படும் பகுதியில் இருந்தன. அந்நேரத்தில் கேட்பவர் யாருமில்லை. சுறுசுறுப்பான ஆணை உடனே பொதுமொழியாகிய ஆங்கிலத்தில் ஒரு முறை முடித்துவிட்டு அமர்ந்துவிட்டது. அங்கே சோம்பேறி ஆணையை எழுத வேண்டும். எழுதினார், சரியாயிற்று. அரசாங்க அலுவலகத்தில் சோம்பலைப் புகழ்ந்து பேச எங்களுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

இனிச் சொல்லப்போவது எங்கள் பங்கைப் பற்றியது. இதில் நாங்கள் கிட்டத்தட்ட ஒரு பெரும்பிழை செய்ய இருந்தோம்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வாசகம் ஒரு வரியாகவும் தமிழ் வாசகம் அடுத்த வரியாகவும் இருக்கும். இதை மனிதர் படிக்கலாம். இதிலிருந்து கணினிக்கான கோப்பு ஒன்று தொகுக்கப்படும். பக்கத்தில் தோன்றுவது அத்தொகுப்பிலிருந்தே. இம்முறைக்குக் கெட்டெக்ஸ்ட் என்று பெயர்; ஜாங்கோவும் இதையே கையாள்கிறது. அலுவலகம் சில மாதங்களுக்குப் பின் தளத்தைத் திருத்தி, புதிய ஆங்கில வாசகங்களைச் சேர்த்தது. அவற்றைக் கோப்பில் சேர்க்கும் கருவி ஓர் உதவி செய்கிறது: புதிய வாசகத்தைப் போன்ற பழைய வாசகம் ஏதேனும் இருந்தால், அதன் தமிழை இங்கே பெயர்த்துவைத்து, மேலே 'ஃபஸ்ஸி' என்று, அதாவது ஐயத்துக்குரியது என்று, ஓர் அடையாளம் இடும். அடையாளம் இருக்கும்வரை அந்த வாசகம் தொகுப்பில் சேராது. பக்கத்தில் ஆங்கிலமே தோன்றும்.

திருத்தத்துக்குப் பின் அங்கங்கே ஆங்கில வாசகங்கள் தலைகாட்டின. அலுவலகத்திலிருந்து அவசரக் கடிதம் வந்தது: இரண்டு நாளில் எல்லாம் தமிழாக வேண்டும். ஐயக்குறி இட்ட வாசகங்கள் கோப்பில் நூற்றுக்கு மேல் இருந்தன. அவை அனைத்தையும் ஒரே ஆணையால் நீக்கிவிடலாம். அதற்குக் கருவியும் உண்டு. எங்களுள் ஒருவர் அந்த ஆணையைத் தட்டுவதற்குக் கூடத் தயாராக இருந்தார். மூத்தவர் தடுத்தார். "ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்; இரவானாலும் சரி" என்றார். அரைமனத்தோடு உட்கார்ந்தோம்.

பெரும்பாலானவை தீங்கற்றவை. 'மாவட்டத்தின் பெயர்' என்ற இடத்தில் 'மாநிலத்தின் பெயர்' என்று பெயர்ந்திருக்கும், திருத்தினோம். நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஒரு வாசகம் வந்தது. ஆங்கிலத்தில், 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்ற பொருளுடையது. கீழே தமிழில், 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்றிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறுபாடு மூன்றெழுத்துச் சொல் ஒன்றுதான். கருவிக்கு அவை இரண்டும் ஒத்த வாசகங்கள். தமிழில் அந்த வேறுபாடு வினைமுற்றின் வாலில் இருக்கிறது, பொருளோ தலைகீழ். சட்டகத்தில் எல்லா வரிகளும் சரியாக இருந்தன, மேசை உரிய இடத்தில் இருந்தது, தமிழ் அழகாகத் தோன்றியிருக்கும். மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் தம் விண்ணப்பம் ஏற்கப்பட்டதென்று படித்து மகிழ்ந்திருப்பார்கள்.

அன்று இரவு யாரும் அதிகம் பேசவில்லை. மிச்சமிருந்த வாசகங்களை இருமுறை படித்தோம். பெயரோ எண்ணோ வந்து நிரப்ப வேண்டிய இடங்களில் ஆங்கிலக் குறிகள் இருக்கும். அவற்றைத் தமிழ்ப்படுத்திவிட்டால் தொகுக்கும் கருவி கோப்பையே மறுத்துவிடும். அத்தகைய பிழையைக் கருவி கண்டுபிடித்துவிடுகிறது. ஏற்கப்பட்டதற்கும் ஏற்கப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கருவியில்லை. அதன் பின்னர் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். கோப்பை ஒப்படைப்பதோடு நில்லாமல், தளம் மறுதொடக்கம் ஆனபின் எங்களில் ஒருவர் தமிழ் மட்டும் வைத்த ஒரு கைப்பேசியில் விண்ணப்பம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்பிப் பார்க்கிறார். மறுக்கப்படும் விண்ணப்பம் ஒன்றையும் வேண்டுமென்றே நிரப்பிப் பார்க்கிறார். அமைப்புக் கோப்பில் மொழி கேட்கும் மேசை இருக்கிறதா என்று தொழில்நுட்பரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுகிறோம். எங்கள் பதவிக்குரிய கடமைப் பட்டியலில் இவை இல்லை. யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் காலை, அந்தச் சகோதரி எங்கள் அறைக்கு வந்தார். கையில் கைப்பேசி. எங்களிடம் காட்டவில்லை, தாமே உரக்கப் படித்தார். "உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இணைக்கப்பட்ட வருமானச் சான்றிதழ் சென்ற ஆண்டுக்குரியது. இவ்வாண்டுச் சான்றிதழை இணைத்து 15 நாட்களுக்குள் மீண்டும் அனுப்புக." படித்துவிட்டு, கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பதினஞ்சு நாள்ல நாலு நாள் போயிடுச்சு, அண்ணா. இன்னிக்கு அரை நாள் லீவு சொல்லிடுங்க. சான்றிதழ் தர்ற ஆபீசு எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு என்று சொன்னோம். அப்பொழுது ஒன்பதே கால்.